பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் எந்தப் புத்தகம் வாங்கலாம்? காரைக்குடிப் பக்கத்து அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கண்மாய்க் கரைகளில் நடக்கிற ஏழெட்டுப் பேர் நாங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி என்று ஆளுக்கொரு ஊர். சங்கம், சந்தா, பதிவு எதுவும் கிடையாது. எங்களுக்குப் பொதுவாக இருப்பது ஒரு துணிப்பை மட்டும்தான். அதில் ஐந்தாறு புத்தகங்களும் ஒரு பைனாகுலரும் இருக்கும், வாரத்துக்கு ஒருவர் வீட்டுக்கு அந்தப் பை போகும். புதிதாக யார் வந்தாலும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, நான் எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. மூன்று வருடமாக வெயிலிலும் செம்மண் புழுதியிலும் எங்கள் வியர்வையிலும் அடிபட்ட புத்தகங்களைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் வாங்குங்கள். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வந்தாலும் சரி, முதல் புத்தகம் இதுவாக இருக்கட்டும்.

ஏன் என்றால், எங்களுக்கு அந்தப் புத்தி ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. மழை முடிந்து கண்மாய் நிறைந்திருந்த ஒரு மார்கழிக் காலை. கலுங்குக்குப் பக்கத்தில் நின்று, கையில் பெரிய ஆங்கிலக் கையேட்டை வைத்துக்கொண்டு, தூரத்தில் மேய்கிற ஒரு நாரை என்னவென்று எங்களுக்குள் வாதம். அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சந்து தெரிகிறது, அப்படியென்றால் ஏசியன் ஓப்பன்பில்தான் என்று முடிவுக்கு வந்தோம். ஆடு மேய்க்கிற ஐயா ஒருவர் கரையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி பாக்குறீக?" என்றார். "ஓப்பன்பில் ஐயா" என்றோம். சரி என்று தலையாட்டிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பேச்சு அதோடு நின்றது.

அடுத்த வாரம் அதே இடம், அதே ஐயா. இந்தத் தடவை எங்களோடு வந்திருந்த ஒரு நண்பருக்குத் தமிழ்ப் பெயர்கள் தெரியும். "நத்தைகுத்தி நாரை பாக்க வந்தோம் ஐயா" என்றார், அவ்வளவுதான். ஐயா உட்கார்ந்துவிட்டார். எந்த மடைக்குப் பக்கத்தில் நத்தை அதிகம், எந்த வருடம் தண்ணீர் இல்லாமல் அந்தப் பறவைகள் வராமல் போயின, எந்தக் கருவ மரத்தில் கூடு கட்டின என்று அரை மணி நேரம் சொன்னார். நடுவில், "குஞ்சுக்கு அலகுல அந்தச் சந்து இருக்காது தம்பி, வளர வளரத்தான் விழும்" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அது அப்படியே உண்மை. ஒரு வருடமாக நாங்கள் அந்தக் கரையில் நடந்தும் இதை யாரிடமும் கேட்கவில்லை, கேட்பதற்கான சொல்லே எங்களிடம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், பறவையின் பெயர் தமிழில் தெரிந்தால் நம் ஊரில் உங்களுக்கு நூறு ஆசிரியர்கள் கிடைப்பார்கள். ஆட்காட்டி, செம்போத்து, வால்காக்கை, பனங்காடை, தவிட்டுக்குருவி என்று சொல்லிப் பாருங்கள், வயல் வேலைக்குப் போகிற அம்மாக்கள் நின்று பதில் சொல்வார்கள். க்ரியா கையேடு இந்த வேலையைச் செய்கிறது. வீட்டைச் சுற்றியும் கண்மாய்க் கரையிலும் அன்றாடம் கண்ணில் படுகிற பறவைகளைத் தமிழ்ப் பெயரோடு அறிமுகப்படுத்துகிறது. மொழி சுத்தமாக இருக்கிறது, எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் அதுவே படித்துக்கொள்ளும். என் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவதற்குள் இரண்டு மாதம் ஆகிவிட்டது.

குறை? பெயரே சொல்கிறபடி இது அறிமுகக் கையேடு. ஒரு குளிர்காலம் முழுக்க வெளியில் சுற்றினீர்கள் என்றால் புத்தகத்தில் இல்லாத பறவை வந்து நிற்கும். அப்போது பெரிய புத்தகம் தேவைப்படும், அதுவரைக்கும் தேவையில்லை. எனக்கு ஐந்துக்கு நாலரை.

பெரிய புத்தகம் என்றால் ரிச்சர்ட் கிரிம்மெட், கரோல் இன்ஸ்கிப், டிம் இன்ஸ்கிப் மூவரும் செய்த 'பேர்ட்ஸ் ஆஃப் தி இண்டியன் சப்காண்டினென்ட்'. முதலில் 1998-ல் வந்தது, திருத்திய இரண்டாம் பதிப்பு 2011-ல். துணைக்கண்டத்தின் 1,300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உள்ளே இருக்கின்றன. ஓவியங்கள் ஒரு பக்கம், எதிர்ப்பக்கத்தில் விவரமும் வரைபடமும். ஆண், பெண், இளம் பறவை, பறக்கும்போது எப்படி என்று தனித்தனியாக வரைந்திருப்பார்கள், சந்தேகம் தீர்க்க இதை விட நல்ல புத்தகம் எங்கள் பையில் இல்லை. ஆனால் கனம். காலை ஐந்தரை மணிக்குத் தோளில் மாட்டினால் எட்டு மணிக்குத் தோள் கேள்வி கேட்கும். அப்புறம் இமயமலைப் பறவைகளுக்கே ஏராளமான பக்கங்கள், சிவகங்கைச் சீமையில் நடக்கிறவனுக்கு அவை தேவைப்படாது. இதே குழுவில் இருவர் தென்னிந்தியாவுக்கு மட்டும் தனியாக ஒரு புத்தகம் செய்திருக்கிறார்கள், 'பேர்ட்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா'. இந்தப் பக்கத்தில் மட்டும் சுற்றுகிறவருக்கு அது போதும், பையும் இலேசாக இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தயவுசெய்து இந்தப் புத்தகங்களைத் திருட்டு அச்சில் வாங்காதீர்கள். இரண்டு வருடம் முன்னால் ஒரு இணையக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நான் வாங்கினேன். வந்தது நகல் அச்சு. அட்டை பார்க்க அசல் போலத்தான் இருந்தது, உள்ளே வண்ணம் மொத்தமும் மங்கிப் பழுப்பேறிக் கிடந்தது. கதைப் புத்தகம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், பறவைப் புத்தகத்தில் வண்ணம்தானே எல்லாம்? தை மாதம் கண்மாயில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிய ஆரம்பித்ததும் வடக்கேயிருந்து வந்த உள்ளான்கள் இறங்கும். அதில் பவளக்காலியும் பச்சைக்காலியும் உண்டு. பெயரே சொல்கிறது, ஒன்றுக்குக் கால் சிவப்பு, மற்றதற்குப் பச்சை கலந்த சாம்பல். என் பிரதியில் இரண்டு பறவைக்கும் கால் ஒரே நிறம்! ஒரு காலை முழுக்கச் சேற்றோரம் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, தப்பாகவே குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், பதிலே வரவில்லை. அசல் விலை அதிகம்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்குங்கள், நாங்கள் கடைசியில் அப்படித்தான் வாங்கினோம்.

அந்த அசல் பிரதியில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம், இந்தப் பக்கத்தில் யார் வாங்கினாலும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், ஊரில் கேட்ட தமிழ்ப் பெயரைப் பென்சிலால் எழுதி வருகிறோம். யார் சொன்னது, எந்தக் கண்மாயில் என்பதும் சுருக்கமாக இருக்கும். ஒரே பறவைக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் வரும், மூன்றையும் எழுதுவோம். க. ரத்னம் எழுதிய 'தமிழ்நாட்டுப் பறவைகள்' கையில் இருந்தால் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். பழைய புத்தகக் கடையில் கண்டால் விடாதீர்கள்.

பென்சிலில் எழுதியதில் எனக்குப் பிடித்த பெயர் ஆறுமணிக்குருவி. ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, பள்ளத்தூரில் எங்கள் ஆச்சி வீட்டிலிருந்து போன். வளவில் ஒரு குருவி விழுந்து கிடக்கிறது, யாரோ வளர்த்த கிளி போலிருக்கிறது, வந்து பார் என்றார்கள். போய்ப் பார்த்தால் கல்தூண் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. முதுகு பச்சை, கண்ணை ஒட்டிக் கன்னங்கரேலென்று ஒரு பட்டை, தோளில் நீலம், வயிறு சந்தன நிறம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, வால் என்று சொல்ல ஒரு விரற்கடைதான். நண்பர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், பக்கத்தைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, இண்டியன் பிட்டா. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் தமிழில் ஆறுமணிக்குருவி. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும், வந்து சேரும்போது களைத்துப்போய் இப்படி வீடுகளுக்குள் விழுவதுண்டு. புத்தகத்தில் இருந்த வரைபடத்தை ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை இமயமலையில் வைத்து, அப்படியே கீழே இழுத்துக்கொண்டு வந்து, "இம்புட்டுக் குருவி அங்கேருந்தா வருது?" என்று கேட்டார். அதை ஓர் அட்டைப்பெட்டியில் காற்றோட்டமாக வைத்து, இருட்டில் அமைதியாக விட்டோம். சாயங்காலம் திறந்ததும் பின்கட்டு மாமரத்துக்குப் பறந்து போய்விட்டது. வரைபடம் போட்ட புத்தகம் ஏன் வேண்டும் என்று இனி யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சாலிம் அலியைச் சொல்லாமல் விட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவருடைய 'தி புக் ஆஃப் இண்டியன் பேர்ட்ஸ்' 1941-ல் முதலில் வந்தது, எங்கள் பையில் இருப்பது ஒருவருடைய அப்பா காலத்துப் பிரதி. அடையாளம் காண இன்றைக்கு இதை விடத் துல்லியமான புத்தகங்கள் வந்துவிட்டன, அது உண்மை. ஆனால் ஒரு பறவையின் குணத்தை நாலு வரியில் அவர் சொல்வது போல் சொல்ல ஆளில்லை. வெளியே எடுத்துப் போகாதீர்கள், திரும்பி வந்து திண்ணையில் காப்பியோடு படியுங்கள். சின்ன வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு மஞ்சள் கழுத்துச் சிட்டைச் சுட்டு, அது என்ன பறவை என்று கேட்டு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கதவைத் தட்டியவர் அவர். அந்தக் கதையெல்லாம் 1985-ல் வந்த அவருடைய சுயசரிதையில் இருக்கிறது, 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ'.

வீட்டில் படிக்கத் தமிழில் ஒன்றே ஒன்று சொல் என்றால், மா. கிருஷ்ணன். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்'. கிருஷ்ணன் அ. மாதவையாவின் மகன். தி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை விடாமல் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். காக்கையையும் அணிலையும் கூட முதல்முறை பார்ப்பது போல் பார்க்க வைக்கிற எழுத்து. காடு இல்லாத ஊரில் இருக்கிறோமே, பொட்டலும் கருவையும்தானே நமக்கு என்று ஏங்குகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

காட்டுக் கதை கேட்கிற இளைஞர்கள் எல்லோரும் ஜிம் கார்பெட்டின் ஆட்கொல்லிப் புலிகளில் ஆரம்பிக்கிறார்கள். நல்லது. ஆனால் நடக்கிறவர்களுக்கு நான் கையில் கொடுப்பது 1953-ல் அவர் எழுதிய 'ஜங்கிள் லோர்'. காட்டைக் காதால் எப்படிப் படிப்பது என்று அதில் கற்றுக்கொள்ளலாம். அதைப் படித்த பிறகு ஒரு நாள் கருவைப் புதருக்குள் தவிட்டுக்குருவிகள் விடாமல் கத்தின. முன்பு என்றால் அவற்றின் வழக்கம் என்று தாண்டிப் போயிருப்போம். அன்றைக்கு அசையாமல் நின்றோம், ஒரு நிமிடத்தில் சாரைப்பாம்பு ஒன்று வரப்பைக் கடந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நம் பக்கத்து வீடுகளில் பர்மா போய் வந்தவர்களின் பெட்டிகள் பரணில் இன்னும் கிடக்கின்றன. ஸ்மைதீஸ் எழுதிய 'தி பேர்ட்ஸ் ஆஃப் பர்மா' 1940-ல் ரங்கூனில் அச்சானது, ஜப்பானியர் படையெடுத்தபோது அந்த முதல் பதிப்பில் பெரும்பகுதி அழிந்துபோனது. அப்படி ஒன்று தட்டுப்பட்டால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது.

செயலி போதாதா, புத்தகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மெர்லின் நல்ல செயலி, இலவசம், குரலை வைத்தே பறவையைச் சொல்லும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் கரையில் நிற்கிற ஐயாவிடம் கைப்பேசியை நீட்டினால் வெயிலில் திரை தெரியாது. புத்தகத்தை நீட்டினால் வாங்கி மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார், நமக்கு இன்னும் நாலு பெயர் கிடைக்கும்.

புத்தகம் வாங்கியாயிற்று, எங்கே போவது என்றால் வேட்டங்குடி. நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற வழியில் இருக்கிறது, 1977-லிருந்து சரணாலயம். அங்கேயுள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மழைக்குப் பிறகு கார்த்திகை, மார்கழியில் போங்கள், சத்தமில்லாமல் போங்கள், கூடு இருக்கிற மரத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். புத்தகத்துக்கு அழுத்தமான பிளாஸ்டிக் உறை போட்டு, குறுக்கே ஒரு ரப்பர் பேண்டும் போட்டுக்கொள்ளுங்கள், செம்மண் ஏறினால் கறை போகாது.

பை இப்போது கானாடுகாத்தானில் இருக்கிறது. க்ரியா கையேடு மட்டும் அதில் இல்லை, ஆச்சி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார், ஐப்பசி வரட்டும் தருகிறேன் என்கிறார்.