ஏ ஃபிளாட்டை ஜி ஷார்ப் என்று எழுதும் மென்பொருளோடு நாலு வருஷம்

நான் வைத்திருக்கும் நோட்டேஷன் மென்பொருள் (வாசிப்பதை இசைக்குறிப்பாக எழுதித் தருவது) இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். "வாங்கட்டுமாடா?" என்று நண்பன் நேற்று போன் செய்தான். ஒரு ஜி ஷார்ப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

பாப் பாடல்களை பியானோ மாணவர்களுக்கு எழுதிக் கொடுப்பதற்காக வாங்கியது. பக்கம் அழகாக வரும், பிளேபேக் சுத்தம், நாலு வருஷத்தில் ஒரு ஃபைல்கூடத் தொலைந்ததில்லை. கோபமெல்லாம் கடன் வாங்கிய கார்டுகளில்தான். கார்டு (chord) என்றால் சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு; மேஜர் பாட்டுக்குள் அதே சுரத்தில் தொடங்கும் மைனரிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டால் அது கடன்.

சி மேஜர் பாட்டு. எஃப் மேஜர், எஃப் மைனர், திரும்ப சி. நடுவில் உள்ள எஃப் மைனர், சி மைனரிடம் கடன் வாங்கியது. ரேடியோஹெட்டின் 'க்ரீப்' பாட்டில் ஜி, பி, சி என்று மேஜராகவே வந்து கடைசியில் சி மைனரில் விழும்போது மனசு ஒரு மாதிரி ஆகுமே, அதே வித்தைதான். என் பாட்டில் எஃப் மேஜரின் 'ஏ' அரைப்படி இறங்கி எஃப் மைனரில் ஏ ஃபிளாட், இன்னும் அரைப்படி இறங்கி சி மேஜரில் 'ஜி'. இறங்குவதில்தான் சங்கதியே இருக்கிறது. மென்பொருள் என்கிற இந்தப் புண்ணியவான் அதை ஜி ஷார்ப் என்று எழுதுவான். பியானோவில் இரண்டும் ஒரே கட்டைதான்; ஆனால் ஏ ஃபிளாட் என்றால் 'ஏ' இறங்கியது, ஜி ஷார்ப் என்றால் 'ஜி' ஏறியது. பாவம், அவனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கணினியோடு இணைத்த மிடி கீபோர்டிலிருந்து அவனுக்குப் போவது 68 என்ற கட்டை எண் மட்டும். எண்ணில் ஷார்ப் ஏது, ஃபிளாட் ஏது?

ஆனால் போன மாதம் பாடகிக்காக அதே பாட்டை ஈ மேஜருக்கு ஏற்றினேன். நான் திருத்த மறந்த ஒரு ஜி ஷார்ப், பி ஷார்ப்பாகிவிட்டது. ஏ, பி ஷார்ப், ஈ. ஏ, சி, ஈ என்று இருக்க வேண்டிய சாதாரண ஏ மைனர்! "சார், இது என்ன கார்டு?" என்று மாணவன் கேட்டபோது என் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம்.

இதைவிடப் பெரிய சண்டை கார்டின் பெயரில். எஃப், ஏ ஃபிளாட், சி, டி. இடது கையில் எஃப். என் காதுக்கு அது எஃப் மைனர் சிக்ஸ். ஆட்டோ கார்டு, அதாவது மென்பொருள் தானாகவே கார்டுக்குப் பெயர் வைக்கும் வசதி, போடும் பெயர்: டி மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ், ஸ்லாஷ் எஃப் (அடியில் எஃப் என்று அர்த்தம்). நாலு சுரமும் அவைதான், கணக்கில் தப்பே இல்லை. ஆனால் கார்டு பார்த்து வாசிக்கிற பையன் அந்த நீளப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எஃப், எஃப் மைனர் சிக்ஸ், சி என்று எழுதினால் பெயரைப் பார்த்தாலே கை எங்கே நகர வேண்டும் என்று தெரியும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அதே நாலு சுரத்துக்கு இடது கை டி வாசித்து, அடுத்து ஜி செவன் வருகிற இடத்திலும் நான் பழக்கதோஷத்தில் எஃப் மைனர் சிக்ஸ், ஸ்லாஷ் டி என்று இரண்டு வருஷம் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே மென்பொருள் சொன்ன டி மைனர் செவன் ஃபிளாட் ஃபைவ்தான் சரி. எரிச்சலாகத்தான் இருந்தது.

மார்க் போடச் சொன்னால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. நண்பனுக்கு "வாங்கிடு, ஆட்டோ கார்டை முதல் நாளே ஆஃப் பண்ணிடு" என்று அனுப்பியிருக்கிறேன். என்னுடையதில் இன்னும் ஆன்தான்.