அப்ளிகேஷன் முந்திக்கொண்டால்: இஸ்டியோவில் எந்த வழி தேறும்?

கூபர்நெட்டீஸில் பாட் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு) 'ரன்னிங்' என்று காட்டும். ரீஸ்டார்ட் எண்ணிக்கை மட்டும் 1 அல்லது 2-இல் நிற்கும். அதுதான் ஓடுகிறதே என்று நானும் பல மாதம் கண்டுகொள்ளவில்லை. ரீட்ரை இல்லாமல் எழுதிய ஓர் இரவு நேர ஜாப் விழுந்த பிறகுதான் தோண்டிப் பார்த்தேன்.

நடப்பது இதுதான். இஸ்டியோ ஒரு சர்வீஸ் மெஷ், அதாவது சர்வீஸ்களுக்கிடையே போகும் டிராஃபிக்கைக் கவனிப்பது. வழக்கமான முறையில் ஒவ்வொரு பாடிலும் அப்ளிகேஷனுக்குப் பக்கத்தில் என்வாய் என்ற ப்ராக்ஸியைச் சைட்காராக (துணைக் கன்டெய்னராக) வைக்கும். இஸ்டியோவின் இனிட் கன்டெய்னர் (மற்றவற்றுக்கு முன் ஓடுவது) ஐபி டேபிள்ஸ் என்ற லினக்ஸ் நெட்வொர்க் விதிகளை முதலிலேயே போட்டுவிடுகிறது. வெளியே போகும் டிராஃபிக் எல்லாம் 15001 போர்ட்டுக்குத் திருப்பப்படும். அங்கே என்வாய் இன்னும் எழுந்திருக்காது. டேட்டாபேஸ் நன்றாகவே இருக்கும். அப்ளிகேஷனுக்கோ 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. அது செத்துவிழ, கன்டெய்னர்களை ஓட்டும் கூப்லெட் அந்த ஒரு கன்டெய்னரை மட்டும் மறுபடி எழுப்பும். அதற்குள் ப்ராக்ஸி தயாராகியிருக்கும். அதனால்தான் இரண்டாம் முறை ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

உறுதிசெய்ய, 'கூப்சிடிஎல் லாக்ஸ்' கட்டளையில் 'ப்ரீவியஸ்' ஆப்ஷன் கொடுத்து அப்ளிகேஷனின் பழைய லாகை எடுங்கள். ப்ராக்ஸி லாகில் 'என்வாய் ப்ராக்ஸி இஸ் ரெடி' என்ற வரியின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். எர்ரர் அதற்கு முன்னால் வந்திருந்தால் வரிசைப் பிரச்சினை. பின்னால் என்றால் டிஎன்எஸ், எம்டிஎல்எஸ் (இருபக்கமும் சான்றிதழ் காட்டும் குறியாக்கம்) பக்கம் தேடுங்கள்.

சரி, தீர்வுகள். ப்ராக்ஸி தயாரா என்று 15021 போர்ட்டை கர்லால் தட்டிக்கொண்டே இருக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்தான் பழைய வழி. டிஸ்ட்ரோலெஸ் இமேஜில் ஷெல்லும் கிடையாது, கர்லும் கிடையாது. சைட்கார் இல்லாத சூழலில் அதே இமேஜை ஓட்டினால் லூப் முடியவே முடியாது. எனக்குப் பிடிக்காத வழி இது.

அடுத்தது, 2020-இல் இஸ்டியோ 1.7 கொண்டுவந்த 'ஹோல்ட் அப்ளிகேஷன் அன்டில் ப்ராக்ஸி ஸ்டார்ட்ஸ்'. பாடில் ப்ராக்ஸியை முதல் கன்டெய்னராக வைத்து, அது தயாராகும்வரை காத்திருக்கும் போஸ்ட்ஸ்டார்ட் ஹூக்கை (கன்டெய்னர் கிளம்பியதும் ஓடும் கட்டளை) சேர்க்கிறது. ஓர் அனோட்டேஷன் போதும், வேலை முடிந்தது. ஆனால் கன்டெய்னர்களை கூப்லெட் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் பழக்கத்தை நம்பி நிற்கும் ஏற்பாடு இது. இனிட் கன்டெய்னர்களுக்கு உதவாது. இஸ்டியோவின் கட்டுப்பாட்டு சர்வீஸான இஸ்டியோடி படுத்துவிட்டால் ப்ராக்ஸிக்கு கான்ஃபிக் வராது. கூடவே புதிய பாடின் அப்ளிகேஷனும் எழாது. இதைப் பலர் யோசிப்பதில்லை.

என் ஓட்டு நேட்டிவ் சைட்காருக்கு. ப்ராக்ஸியை இனிட் கன்டெய்னராகவே போட்டு, ரீஸ்டார்ட் பாலிசியை 'ஆல்வேஸ்' என்று வைப்பதுதான் விஷயம். கூபர்நெட்டீஸ் 1.28-இல் (2023) ஆல்பாவாக வந்தது; 1.29-இல் தானாகவே ஆன், 1.33-இல் (2025) ஸ்டேபிள். இஸ்டியோ 1.19 முதல் ஆதரிக்கிறது. வரிசை இங்கே கூபர்நெட்டீஸே தரும் உறுதி. ப்ராக்ஸிக்குப் பின்னால் வரும் இனிட் கன்டெய்னர்களுக்கும் நெட்வொர்க் கிடைக்கும். பாட் மூடும்போது அப்ளிகேஷன் போன பிறகே ப்ராக்ஸி போகும். ஜாப் முடிந்ததும் ப்ராக்ஸியை நிறுத்த 15020 போர்ட்டுக்கு 'க்விட் க்விட் க்விட்' அனுப்பும் கூத்தும் இனி வேண்டாம்.

மாறும்போது இரண்டைக் கவனியுங்கள். நெட்வொர்க் வேண்டி இனிட் கன்டெய்னரை 1337 யூசர் ஐடியில் ஓட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஐடியின் டிராஃபிக் மெஷ்ஷுக்குள் வராது, ஸ்ட்ரிக்ட் எம்டிஎல்எஸ் உள்ள சர்வீஸ் அதை ஏற்காது. அப்புறம், ப்ராக்ஸி இப்போது இனிட் கன்டெய்னர் பட்டியலில் இருக்கும். எங்கள் வெர்ஷன் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் வழக்கமான பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, மெஷ்ஷில் ஒரு பாடும் இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தது.

2024-இல் இஸ்டியோ 1.24-உடன் ஸ்டேபிள் ஆன ஆம்பியன்ட் முறையில் பாடுக்குள் ப்ராக்ஸியே இல்லை. நோடில் (பாட்கள் ஓடும் மெஷினில்) இருக்கும் இசட்டனல் என்ற பொது ப்ராக்ஸி பார்த்துக்கொள்ளும். இந்தத் தலைவலிக்காக மட்டும் அங்கே தாவமாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் ரீட்ரை எழுதத்தான் வேண்டும். ப்ராக்ஸி தயார் என்றால் ப்ராக்ஸி மட்டும்தான் தயார். அந்தப் பக்கம் டேட்டாபேஸ் எழுந்ததா என்று அதற்குத் தெரியாது. எங்கள் பழைய கிளஸ்டர் ஒன்று இன்னும் கூபர்நெட்டீஸ் 1.27-இல் கிடக்கிறது. அங்கே ஹோல்ட் அனோட்டேஷனும் க்விட் வரியும் அப்படியே இருக்கின்றன. அந்த இரவு ஜாபில் ஐந்து முறை ரீட்ரையும் சேர்த்தாயிற்று.