மாமாவின் பத்து பர்சன்ட்: டிவிடெண்ட் பங்குகளை வைத்துக்கொள்வதா, விற்பதா?

"பால் கறக்குற மாட்டை எவனாவது விப்பானாடா?" என்று கேட்டார் மாமா. உறையூர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார்: "மாடு கறக்குது சரி, மாசக் கடைசியில மருந்துக் கடைக்குப் பத்தலையே!"

மாமாவுக்கு 64 வயது. கடை வாடகையும் சின்ன பென்ஷனும் சேர்ந்து மாதம் 35,000 ரூபாய் வருகிறது. செலவு 50,000. ஆக, மாதம் 15,000 வேறு எங்கிருந்தாவது வர வேண்டும். 2020-21-ல், கொரோனாவில் சந்தை விழுந்து கிடந்தபோது, பி.எஃப். பணத்தில் 11 லட்சத்தைத் துணிந்து இரண்டே பங்குகளில் போட்டவர் அவர். ஐடிசி 4,000 பங்கு, சராசரி விலை 200. கோல் இந்தியா 2,000 பங்கு, சராசரி 150. அந்த நேரத்தில் நான் உட்படப் பலரும் பயந்து ஒதுங்கியிருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2024-25 நிதியாண்டுக்கு ஐடிசி பங்குக்கு 14.35 ரூபாய் டிவிடெண்ட், அதாவது லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை, கொடுத்தது. கோல் இந்தியா 26.50. மாமாவின் கைக்கு வந்தது 57,400 கூட்டல் 53,000, மொத்தம் 1,10,400. "போட்டது பதினோரு லட்சம். வர்றது வருஷம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பத்து பர்சன்ட். எந்த பேங்க் குடுக்கும் சொல்லு?"

கணக்கில் பிழை இல்லை. ஆனால் வகுக்கும் எண் தவறு. அந்த 11 லட்சம் இப்போது எங்கேயும் இல்லை. 2025 நடுவில் இரண்டு பங்குகளும் 400-ஐ ஒட்டி விற்றன. சரியாக 400 என்றே வைத்துக்கொள்வோம். ஐடிசி 16 லட்சம், கோல் இந்தியா 8 லட்சம். அந்த விலையில் மாமா வைத்திருப்பது 24 லட்சம். அது கொடுப்பது 4.6 சதவீதம். பத்து பர்சன்ட் என்பது 2021-ல் எடுத்த நல்ல முடிவுக்கான பாராட்டுப் பத்திரம். இன்று எடுக்க வேண்டிய முடிவில் அதற்கு வேலையில்லை. உறையூரில் முப்பது வருடத்துக்கு முன் ஒரு லட்சத்துக்கு வாங்கிய மனைக்கு மாதம் 5,000 வாடகை வந்தால், அறுபது பர்சன்ட் வருமானம் என்று யாரும் சொல்வதில்லையே.

அப்படியே வைத்துக்கொண்டு டிவிடெண்டில் வாழ்வது

முதலில் மாமா பக்கம் உள்ள நியாயம். ஐடிசி 2019-20-க்கு 10.15 ரூபாய் கொடுத்தது, 2024-25-க்கு 14.35. ஐந்து வருடத்தில் ஆண்டுக்குச் சுமார் 7 சதவீத வளர்ச்சி. எந்த டெபாசிட்டும் வட்டியை இப்படித் தானாக உயர்த்திக்கொண்டே போகாது.

வரியும் மாமாவுக்குச் சாதகம். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கான வரியைக் கம்பெனி கட்டுவதில்லை, வாங்குபவர் தன் வருமானத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஆனால் 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால், மாமாவுக்கு டிவிடெண்டில் வரி பூஜ்யம். என்னைப் போல 30 சதவீதப் படியில் மாட்டியிருப்பவருக்கு அதே லட்ச ரூபாய் டிவிடெண்டில், செஸ்ஸும் சேர்த்து, 31,200 போய்விடும். சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே டிவிடெண்டுக்காகப் பங்கு தேடும் நண்பர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

வரி இல்லை என்றாலும் பிடித்தம் உண்டு. ஒரே கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதத்தை முன்கூட்டியே வரியாகப் பிடித்துவிடுவார்கள் (டிடிஎஸ்). வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தைக் கம்பெனிவாரியாகக் கொடுத்தால் தப்பலாம். ஒருமுறை அதை இணையதளத்தில் ஏற்ற நானும் மாமாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தோம். கடைசியில் ரிட்டர்ன் போட்டே பணத்தைத் திரும்ப வாங்கினோம்.

இனி, மாட்டு உவமைக்கு வருவோம். மாட்டின் எடை பால் கறந்ததால் குறைவதில்லை. பங்கின் விலை குறையும். எக்ஸ்-டேட், அதாவது அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காத நாள் காலை, மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், டிவிடெண்ட் தொகையளவுக்கு விலை இறங்கித்தான் வர்த்தகம் தொடங்கும். கம்பெனியின் கல்லாவில் இருந்த பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தது, அவ்வளவுதான். மில்லர், மோடிக்ளியானி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1961-லேயே இதைத்தான் எழுதினார்கள்: வரியும் செலவும் இல்லாத உலகில் டிவிடெண்ட் வாங்குவதும் அதே அளவுக்குப் பங்கை விற்பதும் ஒன்றே. நம் ஊர்ப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியும் ஏறக்குறைய இதையே வேறு விதமாகச் சொன்னது. 2021 ஏப்ரல் முதல் மியூச்சுவல் ஃபண்டுகள் 'டிவிடெண்ட் ஆப்ஷன்' என்ற பெயரையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று மாற்றி, வருமானப் பகிர்வும் மூலதனத்தை எடுப்பதும் சேர்ந்தது என்று பொருள்படும் நீளப் பெயரைச் சூட்டியது.

பால் வற்றுவதும் உண்டு. மணலியில் ஆலை வைத்திருக்கும் சென்னை பெட்ரோலியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23-க்கு 27 ரூபாய், 2023-24-க்கு 55 ரூபாய். அந்த 55-ஐப் பார்த்து, "ஐந்து பர்சன்டுக்கு மேல் வருகிறதே" என்று வாங்கியவருக்கு அடுத்த வருடம் கிடைத்தது 5 ரூபாய். கம்பெனி ஏமாற்றவில்லை. சுத்திகரிப்பில் கிடைக்கும் லாபம் சுருங்கியது, டிவிடெண்டும் சுருங்கியது. வேதாந்தா 2022-23-ல் பங்குக்கு 101.50 ரூபாய் அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு 29.50-க்கு வந்தது. டிவிடெண்ட் சதவீதம் மிக அதிகமாகத் தெரியும்போது, ஒன்று அது திரும்ப வராத வருமானமாக இருக்கும், அல்லது விலை விழுந்ததால் சதவீதம் ஊதிப் பெரிதானதாக இருக்கும்.

மாமாவின் கோல் இந்தியாவும் இதே ஜாதிதான். 2010-ல் 245 ரூபாய்க்குப் பொது வெளியீடு வந்தது. பத்து வருடம் கழித்து, 2020-ல், 120-க்கும் கீழே கிடந்தது. 2024-ல் 500-ஐத் தாண்டியது. டிவிடெண்டும் அப்படியே: 2019-20-க்கு 12 ரூபாய், 2023-24-க்கு 25.50. பெரும்பங்கு வைத்திருக்கும் மத்திய அரசுக்கும் இந்த டிவிடெண்ட் தேவை என்பதால் கொடுப்பது நிற்காது என்று மாமா நம்புகிறார். நிற்காமல் இருக்கலாம். பாதியாகலாம், ஏற்கெனவே ஒருமுறை ஆகியிருக்கிறது.

மொத்தமாக விற்று சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போடுவது

தபால் ஆபீசிலும் வங்கிகளிலும் கிடைக்கும் முதியோர் சேமிப்புத் திட்டம் 2023 ஏப்ரல் முதல் 8.2 சதவீதம் கொடுக்கிறது. ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். போட்ட நாளின் வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி தொடக்கத்தில் வட்டி வந்துவிடும். ஐடிசியோ வருடத்துக்கு இரண்டு முறை, கோல் இந்தியாவோ எப்போது அறிவிக்கிறதோ அப்போது. அத்தைக்கு இந்த வித்தியாசம் சதவீதத்தைவிட முக்கியம்.

விற்கும்போது வரி வரும். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 லட்சத் தள்ளுபடி இந்த லாபத்துக்குச் செல்லாது. இதைத் தெரியாமல் விற்றுவிட்டு ஆடிட்டரிடம் போய் முழிப்பவர்கள் உண்டு. 24-ல் 11 போனால் 13 லட்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஐடிசியிலிருந்து ஓட்டல் தொழில் பிரிந்தபோது வாங்கிய விலையில் ஒரு பகுதி அந்தப் புதிய பங்குகளின் கணக்குக்குப் போய்விட்டதால், மாமாவுக்கு லாபம் சுமார் 14 லட்சம். ஒரே ஆண்டில் விற்றால் செஸ் சேர்த்து ஏறத்தாழ 1.65 லட்சம் வரி. கூடவே மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டிவிடுவதால் சாதாரண வருமானத்துக்கான தள்ளுபடியும் கைநழுவும், அதில் ஒரு சில ஆயிரம்.

மிச்சம் சுமார் 22.34 லட்சம். 8.2 சதவீதத்தில் வருடம் 1.83 லட்சம், மாதம் 15,000-க்குக் கொஞ்சம் மேலே. அத்தை கேட்ட தொகை அப்படியே வந்து நிற்கிறது! டிவிடெண்டில் வருவது மாதம் 9,200-தான்.

அப்போது விற்றுவிட வேண்டியதுதானே? அவசரப்பட வேண்டாம். டிவிடெண்ட் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்துகொண்டே போனால், ஏழரை வருடத்தில் அதுவும் 1.83 லட்சத்தைத் தொட்டுவிடும். அதுவரை பட்ட குறையையும் ஈடுகட்டி, மொத்தமாகக் கையில் வாங்கிய தொகையில் சீனியர் சிட்டிசன் வட்டியை முந்த 15 வருடம் ஆகும். அப்போது மாமாவுக்கு 79. இன்னொரு பக்கம், விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 1.83 லட்சம் பத்து வருடத்தில் இன்றைய 1.02 லட்சத்துக்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்கும். ஐந்து வருடம் முடிந்தபின் வட்டி எவ்வளவு இருக்கும் என்பதும் கைவசம் இல்லை. இதே திட்டம் 2020 முதல் 2022 வரை 7.4 சதவீதம்தான் கொடுத்தது.

வைத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விற்பது

அதே 1.83 லட்சத்தை எட்ட, டிவிடெண்ட் 1.10 லட்சம் போக, துண்டு விழுவது 73,000. வருடத்துக்கு 180 ஐடிசி பங்கை 400 ரூபாய்க்கு விற்றால் 72,000 வந்துவிடும். அதில் லாபம் 1.25 லட்சத்துக்குள்ளேயே அடங்குவதால் வரியே இல்லை. மீதிப் பங்குகள் வளரும். காகிதத்தில் மூன்றிலும் அழகான வழி இதுதான். இணையத்தில் பங்கு பேசும் இளைஞர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்.

எனக்கு இரண்டு தயக்கங்கள். 2020 மார்ச்சில் ஐடிசி 150-க்கும் கீழே போனது. அப்படி ஒரு வருடத்தில் அதே 72,000-க்கு 480 பங்குக்கு மேல் விற்க வேண்டும். விற்றவை திரும்ப ஏறும்போது உங்களிடம் இருக்காது. இரண்டாவது, விற்பவர் யார்? டீமேட் செயலியைத் திறந்து, விலை பார்த்து, ஓடிபி வாங்கி விற்பதை மாமா இன்று செய்வார். 78 வயதில்? அவருக்குப் பின் அத்தை? ஒன்றும் செய்யாமலே வங்கிக் கணக்கில் வந்து விழுவது டிவிடெண்டுக்கும் வட்டிக்கும் உள்ள பெரிய பலம். 1961 அறிஞர்களின் சமன்பாட்டில் அத்தை இல்லை.

(எம்ஆர்எஃப் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. 2023 ஜூனில் பங்கு விலை லட்ச ரூபாயைத் தொட்டது. 2023-24-க்கு மொத்த டிவிடெண்ட் 200 ரூபாய். டிவிடெண்டில் காபி குடிக்கலாம், மளிகைக்கு ஒரு முழுப் பங்கையே விற்க வேண்டும்.)

மாமாவுக்கு நான் சொன்னது

முதலில் விற்கச் சொன்னது, அவர் தனியாகக் காசு கொடுத்து வாங்காத பங்கை. 2025 ஜனவரியில் ஐடிசி தன் ஓட்டல் தொழிலைப் பிரித்தபோது பத்துக்கு ஒன்று வீதம் 400 ஐடிசி ஓட்டல்ஸ் பங்குகள் வந்திருந்தன. பட்டியலான வேளையில் சுமார் 180 ரூபாய். ஐடிசி வாங்கிய தேதியையே இதற்கும் எடுத்துக்கொள்வதால் இதுவும் நீண்டகாலக் கணக்கில்தான் வரும். மாமா விற்றார். 72,000 ரூபாயில் அத்தைக்குப் பல் கட்டியாயிற்று.

அடுத்தது கோல் இந்தியாவா, ஐடிசியா என்பதில் எங்களுக்குள் சண்டை. வருமானத்தை மட்டும் பார்த்தால் ஐடிசியைத்தான் விற்க வேண்டும். 3.6 சதவீதத்தை விட்டு 8.2-க்குப் போகிறோம். கோல் இந்தியாவை விற்றால் 6.6-லிருந்து 8.2, பெரிய லாபமில்லை. 1,000 பங்கை விற்று 4 லட்சத்தைத் திட்டத்தில் போட்டால் 26,500 போய் 32,800 வரும், வருடத்துக்கு 6,300 ரூபாய்தான் கூடுதல். ஆனாலும் நான் கோல் இந்தியாவைத்தான் சொன்னேன். 12 ரூபாய்க்கும் 26 ரூபாய்க்கும் நடுவே ஊஞ்சலாடும் வருமானத்தை நம்பி மருந்துச் சீட்டு எழுத முடியாது. வளரும் வருமானம் ஒன்றும் நிலையான வருமானம் ஒன்றும் இருந்தால் போதும், ஆடும் வருமானம் எதற்கு?

பங்குக்கு 250 ரூபாய் லாபம் என்பதால், வரியில்லாமல் ஒரு நிதியாண்டில் 500 பங்கு விற்கலாம். மார்ச் கடைசியில் 500, ஏப்ரல் முதல் வாரத்தில் 500 விற்றால் இரண்டு நிதியாண்டுகளின் விலக்கும் பத்து நாளில் கிடைத்துவிடும். மீதி 1,000-ஐ அடுத்தடுத்த ஏப்ரல்களில் விற்கலாம். ஐடிசியைத் தொட வேண்டாம். இதில் மாதம் 15,000 முழுதாக வராது என்பது எனக்கும் தெரியும். துண்டு விழுவதற்கு மட்டும் வருடம் நூற்றுச் சொச்சம் ஐடிசி பங்கு, அதுவும் சந்தை விழாத வருடத்தில். விழுந்த வருடத்துக்காக லட்ச ரூபாய் சேமிப்புக் கணக்கில் தனியாக.

மாமா முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "ஐநூறு விக்கிறேன், மிச்சத்தை அப்புறம் பாக்கலாம்" என்றார். வராந்தா காலண்டரில் மார்ச் கடைசி வாரத்தில் '500' என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். போன வாரம் போனபோது பார்த்தேன். ஏப்ரல் தாளில் இன்னொரு '500' பேனாவில் இருந்தது. அது அத்தையின் கையெழுத்து.