மறுமணத்துக்குப் பதியப் போகிறீர்களா? 48,500 ரூபாயைத் தொலைத்தவள் சொல்கிறேன்

விவாகரத்துக்குப் பிறகு இன்னொரு துணையைத் தேடுகிறவர்களுக்கு நாலு யோசனை எழுதலாம் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று பேர் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் இன்று காலை நான் பணம் கட்டிப் பதிந்திருந்த திருமணத் தகவல் மையத்தின் படி இறங்கியதிலிருந்து கை நடுக்கம் நிற்கவில்லை. யோசனையெல்லாம் கடைசியில் வரும், வந்தால். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போனது 48,500 ரூபாய். எங்கள் ஸ்டாஃப் ரூமில் போடும் சீட்டில் எடுத்த பணம். கடைசி மாதம் வரை பொறுத்திருந்தால் முழுசாக வந்திருக்கும். அவசரப்பட்டு மே மாதமே தள்ளி எடுத்தேன். தள்ளியதில் போன காசை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

எனக்கு 38 வயது. திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சரே ஏமாந்தாளா என்று சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். எங்களுடையது பரஸ்பர சம்மதத்தில் வாங்கிய விவாகரத்து. மனு போடுவதற்கு முன்னால் ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் நினைத்தால் குறைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறதாம், வக்கீல் சொன்னார். எங்களுக்குக் குறைக்கவில்லை. முழுசாகக் காத்திருந்து பிப்ரவரியில் தீர்ப்பு வாங்கினேன். அந்தத் தீர்ப்பு நகலை எங்கே போனாலும் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று. ஒருத்தரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அதற்குத்தான் வரப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் செருகி வந்த மஞ்சள் நோட்டீஸ்தான் ஆரம்பம். துணையை இழந்தவர்களுக்கும் விவாகரத்து ஆனவர்களுக்கும் தனிப் பிரிவு, ஆலோசனையோடு வரன், ரகசியம் காக்கப்படும். கடைசி இரண்டு வார்த்தையில்தான் விழுந்தேன். என் அம்மாவுக்கே தெரியாமல் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். பேர் சொல்லப் போவதில்லை. ஊரில் நாலு இடத்தில் இதே மாதிரி இருக்கிறது: கீழே கடை, மேலே திருமணத் தகவல் மையம், படிக்கட்டு முழுக்க மாலையும் கழுத்துமாக ஜோடிகளின் போட்டோ. அந்த ஜோடிகள் யார், அங்கே பதிந்தவர்கள்தானா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. நெற்றி நிறையக் குங்குமம். நான் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியாம்மா?"

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் தனியாக இருக்கிறவர்களுக்குப் புரியும். ஒன்றரை வருஷமாக என்னிடம் எல்லோரும் கேட்டது "என்ன ஆச்சு?", "அவர் என்ன சொல்றார்?", "பாப்பா யார்கிட்ட?" இவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். முக்கால் மணி நேரம் நான் பேசினேன், அவர் கேட்டார். நடுவில் ஒரு தரம்கூட போனைப் பார்க்கவில்லை.

பேசி முடித்ததும் கைப்பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினேன். ஆதார் ஜெராக்ஸும் சேர்த்து. அவர் வாங்கவே இல்லை. என் கையை மூடி என் பக்கமே தள்ளிவிட்டார். "அதெல்லாம் எதுக்கும்மா? உன் முகத்தைப் பார்த்தாலே தெரியுதே. உன்னை நான் சந்தேகப்படுவேனா?"

அந்த நொடியில்தான் நான் நம்பினேன். நீதிமன்றத்தில் ஆரம்பித்து பாப்பாவின் பள்ளிவரை எல்லோரும் காகிதம் கேட்ட பிறகு, காகிதம் வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னது எவ்வளவு பெரிய மரியாதையாகத் தெரிந்தது தெரியுமா? என் காகிதத்தைப் பார்க்காதவர் வேறு யாருடைய காகிதத்தையும் பார்த்திருக்க மாட்டார் என்று கணக்கு டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அப்புறம்தான் பேக்கேஜ் வந்தது. சாதா, சில்வர், கோல்டு. சாதாவில் பதிந்தால் "உன் மாதிரி பொண்ணுக்குத் தகாத இடமெல்லாம் வரும்". கோல்டு என்றால் ஆறு மாதத்தில் சரிபார்த்த வரன்கள் 12, கவுன்சலிங் 4 தடவை, அலுவலகத்திலேயே வைத்து நேர் சந்திப்பு 2. பதிவுக்கு 8,500, கோல்டுக்கு 40,000. ஆக மொத்தம் 48,500. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிம்மா, அவசரமே இல்ல" என்றார். அந்த ஒரு பதிலே போதுமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் பணத்தோடு போய் நின்றேன்.

8,500-ஐ ரொக்கமாக வாங்கிக்கொண்டு கச்சாச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீல் இல்லை. 40,000-க்கு மேஜையில் இருந்த க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தேன். திரையில் மையத்தின் பெயர் வரவில்லை, ஏதோ டிரேடர்ஸ் என்று வந்தது. "நம்ம தம்பி கணக்குதாம்மா" என்றார். அனுப்பியதும் பக்கத்திலிருந்த குட்டி ஸ்பீக்கர், மளிகைக் கடையில் கத்துமே அதே குரலில், நாற்பதாயிரம் ரூபாய் பெறப்பட்டது என்று அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னது. காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரகசியம் காத்த லட்சணம் அது.

பணம் கொடுத்த பிறகு அந்த அம்மாவை நான் இரண்டே தடவைதான் பார்த்தேன்.

முதல் பத்து நாள் ஒன்றுமில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் மூன்று நம்பர் வந்தது. முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது நாமக்கல்லில் ஒருவர். பாவம், நல்ல மனிதர். "நான் அங்க பதிஞ்சு மூணு வருஷம் ஆச்சுங்க. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தையே இருக்கு. தயவுசெஞ்சு இனிமே கூப்பிடாதீங்க, வீட்டுல சண்டை வருது" என்றார். அப்படியென்றால் எனக்கு முன்னால் எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள்?

கவுன்சலிங் ஒரு தடவை நடந்தது. நாலில் ஒன்று, அதுவும் போனில், இருபது நிமிஷம். யாரோ ஒரு பெண், தாளைப் பார்த்துப் படிக்கிற மாதிரி பேசினார். முதல் சந்திப்பில் பழைய கதை பேசக் கூடாதாம். வெளிர் நிறத்தில் உடுத்த வேண்டுமாம். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமாம். குழந்தை விஷயத்தை "நாலாவது அஞ்சாவது மீட்டிங்ல மெதுவா" எடுக்க வேண்டுமாம். என்னிடம் குழந்தை இருப்பது கேட்டவுடனே தெரிய வேண்டிய விஷயம், அதை ஏன் மறைக்க வேண்டும் என்றேன். "சரி மேடம், அது உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

மூன்றாவது நம்பர்தான் கொடுமை. கரூரில் வேலை பார்க்கிறவர், என்னைவிட நாலு வயது மூத்தவர், பேச்சு மரியாதையாக இருந்தது. அலுவலகத்தில் சந்திப்பு ஏற்பாடு செய்யச் சொன்னால் "இப்ப ரூம் ஃப்ரீ இல்ல, நீங்களே வெளியில பார்த்துக்கங்க" என்றார்கள். சரி என்று ஜூன் கடைசியில் ஒரு சைவ ஓட்டலில் பார்த்தோம். காபி வருவதற்குள் அவரே சொன்னார், "பாப்பா உங்க அம்மாகிட்டயே வளர்றதா போட்டிருக்காங்களே, அது எங்க வீட்டுக்கும் சௌகரியம்தான்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. போனைக் காட்டினார். என் பயோடேட்டா. என் போட்டோ. குழந்தை: 1, பாட்டி பொறுப்பில். நான் எழுதிக் கொடுத்தது, குழந்தை: 1, என்னுடன். என் மகளை என்னிடமிருந்து ஒரே வரியில் பிரித்துவிட்டார்கள். 48,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது ஒன்றுதான்.

அவரிடம் நான் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டேன், உங்கள் தீர்ப்பு எப்போது வந்தது என்று. "கேஸ் போய்க்கிட்டு இருக்குங்க, முடியுற மாதிரிதான்" என்றார். முடியவே இல்லை! முதல் கல்யாணம் சட்டப்படி இருக்கும்போது இன்னொன்று செய்தால் அது செல்லாது, ஏழு வருஷம்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. அவர் பேரிலும் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். "அங்க ஒண்ணும் கேட்கலையே" என்றார். ஆமாம், என்னிடமும் கேட்கவில்லை. கைப்பையில் தீர்ப்பு நகல் அப்போதும் இருந்தது.

அன்றைக்கே போன் செய்தேன். அதற்கப்புறம் கேட்டதெல்லாம் வரிசையாக: மேடம் லீவு. மேடம் கோயிலுக்குப் போயிருக்காங்க. சிஸ்டம் அப்டேட் ஆகுது. எடிட் பண்றவர் மாத்திப் போட்டுட்டார், மாத்திடுறோம். ஆடி மாசம் பிறந்துடுச்சு, யாரும் பேச மாட்டாங்க, ஆடி முடியட்டும். (ஜூலை பதினேழாம் தேதிதான் ஆடி பிறந்தது. அதற்கு முன்னால் இரண்டு மாதம் என்ன செய்தார்கள்?) அந்த அம்மாவின் நம்பரில் ஒற்றை டிக்தான் விழுந்தது, போட்டோவும் மறைந்துவிட்டது. ஒரு நாள் நேரில் போனேன். உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட்டியாம்மா என்று கேட்ட அதே வாய், உள்ளேயிருந்து, "நான் இல்லைன்னு சொல்லு" என்றது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஆடியும் முடிந்தது. இன்று காலை இரண்டு பீரியட் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். மேனேஜர் என்று ஒருவர் வந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கல்யாணம் என்ன கடையில விக்கிற சாமானா மேடம், திருப்பிக் கொடுக்க? அமையணும்ல?" என்றார். சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று படிவத்தின் பின்பக்கம் இருக்கிறதாம். எறும்பு எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. சேவையே நடக்கவில்லையே, பொய்த் தகவல் போட்டீர்களே என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "நீங்க ஸ்கூல்ல வேலை பார்க்கிறீங்க. ரெண்டாம் கல்யாணத்துக்கு அலையுறது வெளியில தெரிஞ்சா உங்களுக்குத்தான் நல்லா இருக்காது. நாங்க ரகசியம் காக்கிறோம்."

ரகசியம் காக்கப்படும். மஞ்சள் நோட்டீஸில் இருந்த அதே வார்த்தை. நாங்கள் வாய் திறக்க மாட்டோம் என்ற தைரியத்தில்தான் இந்தக் கடையே நடக்கிறது. நம் வெட்கம்தான் அவர்களுக்கு மூலதனம்.

போலீஸ் ஸ்டேஷனில், நீங்களே விருப்பப்பட்டுக் கொடுத்த பணம், சிவில் விவகாரம் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். போடப் போகிறேன்.

யோசனை எழுதுவதாகச் சொன்னேன் இல்லையா, எழுதுகிற மனநிலை இல்லை, கிடைத்ததை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தீர்ப்பு நகலைக் கேட்காத இடத்தில் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எதிரில் உட்காருகிறவரின் தீர்ப்பு நகலை நீங்களே கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். க்யூஆரில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்களைப் பற்றி என்ன போட்டு அனுப்புகிறார்கள் என்பதை அனுப்பும் முன் வாங்கிப் படியுங்கள். மேட்ரிமோனி இணையதளங்களுக்கு 2016-இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டிருக்கிறது, அடையாளச் சான்று, குறைதீர்க்க ஒரு அலுவலர் என்று. மாடிப்படி மையங்களைக் கேட்க யார் இருக்கிறார்கள் தெரியவில்லை. ஆன்லைனில் முகம் தெரியாத ஆள் பணத்தைச் சுருட்டினால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். நான் தனியாகப் போனேன்.

இதே மாதிரி டிரேடர்ஸ் பெயரில் பணம் அனுப்பியவர்கள் இருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள். திங்கட்கிழமை ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம் என்ற இடத்தில் பல்வலி என்று போட்டிருக்கிறேன்.