வெள்ளவத்தையிலிருந்து களுத்துறைக்குப் பகல் ரயில்: வீசாவுக்குக் காத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை

வீசாவுக்கோ வேறு ஏதாவது பெரிய பதிலுக்கோ காத்திருந்து, வீட்டில் இருக்கவும் முடியாமல் வேலையில் மனம் வைக்கவும் முடியாமல் அந்தரப்படுகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வார நாளொன்றில், ஒபிஸ் கூட்டம் அடங்கிய பிறகு, வெள்ளவத்தை ஸ்டேஷனில் தெற்கே போகும் மெதுவான ரயிலில் ஏறுங்கள். களுத்துறை தெற்கில் இறங்கி ஒரு பிளேன்டீ குடியுங்கள். அடுத்த ரயிலில் திரும்பி வாருங்கள். இந்த மாதங்களில் எனக்கு இதைவிட உதவியது வேறு எதுவுமில்லை.

என் நிலைமையையும் சொன்னால்தான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று விளங்கும். கலியாணம் முடிந்து இவர் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போய் என்னை ஸ்பொன்சர் செய்தார். படிவங்கள் கொடுத்தாயிற்று. கைரேகையும் படமும் எடுத்தாயிற்று. பொலிஸ் ரிப்போட் போயிற்று. மெடிக்கலும் முடிந்தது. மெடிக்கல் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். அதற்குள் பதில் வராவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்வார்களோ என்ற யோசனை வேறு. இணையக் கணக்கைத் திறந்தால் ‘பின்னணிச் சோதனை நடைபெறுகிறது’ என்ற ஒரே வரிதான். நேற்றும் அதுதான், போன மாதமும் அதுதான். நான் செய்ய வேண்டியது என்று எதுவும் மிச்சமில்லை. இதைப்போல ஆளைத் தின்னும் நிலை வேறொன்றில்லை. வேலை இருந்தால் ஓடியாடிச் செய்துவிடலாம். வேலையே இல்லாத இடத்தில் பொறுமையாக இருப்பதுதான் கஷ்டம்.

நான் வீட்டில் கணித ரியூசன் கொடுக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்னேரம் நான்கு மணியாகிவிடும். அதுவரை பகல் முழுக்க வீட்டில் நானும் அம்மாவும் போனும். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா எடுத்தால் முதல் கேள்வி, “என்ன பிள்ளை, வீசா வந்திட்டுதே?” கீழ்வீட்டு அன்ரிக்கும் அதுதான் கேள்வி. கோயிலில் காணும் ஆட்களும் அதையேதான் கேட்பார்கள். எல்லோரும் அன்பில்தான் கேட்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் “இன்னும் இல்லை” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஏதோ இறுகும். போனில் தியானச் செயலி ஒன்றும் போட்டுப் பார்த்தேன். அதில் வரும் குரல் இதமான குரல்தான்; எனக்குத்தான் கண்ணை மூடினால் கோப்பு இலக்கம் வந்து நின்றது.

இங்கே நேர வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது அதுதான். கனடாவின் கோடைகாலத்தில் கொழும்பு ரொறன்ரோவைவிட ஒன்பதரை மணித்தியாலம் முன்னால். அங்கே காலை ஒன்பதுக்குக் கந்தோர் திறந்தால் இங்கே மாலை ஆறரை. அங்கே ஐந்துக்கு மூடும்போது இங்கே அதிகாலை இரண்டரை. நவம்பர் தொடக்கத்தில் மணிக்கூட்டை மாற்றினால் இன்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போகும். எங்கள் கோப்பு கனடாவிலேயே இருப்பதாகத்தான் வந்த கடிதங்களில் இருந்தது. அப்படியென்றால், நான் காலை எட்டிலிருந்து பின்னேரம் வரை ஐந்து நிமிடத்துக்கொரு தரம் மெயில் பார்ப்பது யாருக்காக? அந்த நேரம் அந்தக் கந்தோரில் விளக்குகூட எரியாது. இவரும் நித்திரையில் இருப்பார். பகல் முழுக்க எனக்குப் பதில் வரவே வழியில்லை. அப்படிப் பார்த்தால் அந்தப் பகல் எனக்குச் சொந்தம்.

கரையோர ரயிலில் கூட்டம் குறைகிறதும் அதே பகல் வேளையில்தான்.

வெள்ளவத்தை ஸ்டேஷன் தெரியாதவர்களுக்கு: காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் எந்த ஒழுங்கையில் போனாலும் மரைன் டிரைவ் வரும், அதைக் கடந்தால் தண்டவாளம், அதற்கு அங்கால் பாறையும் கடலும். பிளாட்பாரத்தில் நிற்கும்போதே முகத்தில் உப்புக் காற்று அடிக்கும். காலையில் ஏழு, எட்டு மணிக்குக் கொழும்புக் கோட்டைப் பக்கம் போகும் வண்டிகளில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போவார்கள். அந்த நேரம் வேண்டாம். ஒன்பதரை, பத்துக்குப் பிறகு தெற்கே போகும் வண்டியில் யன்னல் சீட் கிடைக்கும்.

போகும்போது வலப்பக்கம் இருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். காலை வெயில் இடப்பக்கத்தில் விழும், அதனால் கடல் பக்கம் நிழலாக இருக்கும். மத்தியானம் இரண்டு தாண்டினால் இது அப்படியே மாறிவிடும். வெயில் கடல் பக்கமிருந்து நேரே கண்ணில் குத்தும். ஆகவே திரும்பி வரும்போது கடலைத் தேடாமல் தரைப் பக்கம் இருப்பது நல்லது. வீட்டுப் பின்பக்கங்கள், கொடியில் காயும் உடுப்பு, வேலியோரத்து வாழை எல்லாம் பார்க்கலாம். எனக்கு அதுவும் பிடிக்கும்.

தெகிவளையில் கரையில் இழுத்துவிட்ட மீன்பிடி வள்ளங்கள் தெரியும். கல்கிசையில் கடலுக்குள் நீட்டி நிற்கும் மேட்டில் அந்தப் பழைய ஹோட்டல், ஒரு காலத்தில் பிரித்தானிய ஆளுநர் வசித்த மாளிகை. பிறகு இரத்மலானையில் ரயில் கொஞ்சம் உள்ளே திரும்பும். பழைய பெட்டிகள் நிற்கும் ரயில்வே வேலைத்தளம் வரும், கடல் மறைந்துவிடும். அது திரும்ப வரும் இடம்தான் எனக்கு மிகவும் விருப்பம். பாணந்துறையில் பொல்கொட ஏரித் தண்ணீர் கடலில் சேரும் வாய்க்கு மேலால் பாலம். வாத்துவைப் பக்கம் தென்னை மரங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: ஒரு மரத்தின் தலையிலிருந்து அடுத்த மரத்தின் தலைக்குக் கயிறு கட்டியிருக்கும். கள்ளு இறக்குகிறவர்கள் கீழே இறங்காமல் அந்தக் கயிற்றிலேயே நடந்து மரத்துக்கு மரம் போவார்கள். மேலே ஒரு கயிறு பிடிக்க, கீழே ஒரு கயிறு கால் வைக்க. ரயிலிலிருந்து ஒருவர் அப்படி நடப்பதைக் கண்ட நாளில், அவர் அடுத்த மரத்தைத் தொடும்வரை நான் மூச்சே விடவில்லை.

இனி வடைக்கதை. வண்டிக்குள் கச்சானும் கடலையும் வடையும் விற்றுக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் ஒருவரிடம் இறால் வடை வாங்கினேன். பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றித் தந்தார். வடையைச் சாப்பிட்டுவிட்டுத் தாளை விரித்துப் பார்த்தால், யாரோ ஒரு பிள்ளை செய்த ஒருங்கமை சமன்பாடு. எழுத்து சிங்களம், ஆனால் கணக்குக்கு என்ன மொழி? மூன்றாவது வரியில் சய (−) அடையாளத்தைச் சக (+) என்று எடுத்திருந்தது. என் பிள்ளைகளும் சரியாக அதே இடத்தில்தான் பிழை விடுவார்கள். பையிலிருந்து பேனையை எடுத்து, எண்ணெய் படாத மூலையில் அந்தக் கணக்கைத் திருத்திச் செய்தேன். x உம் y உம் முழு எண்ணாக வந்தன. நிமிர்ந்து பார்த்தால் களுத்துறைப் பாலம். பாணந்துறை எப்போது போனது என்றே தெரியவில்லை. அவ்வளவு நேரமும் வீசாவை நினைக்கவில்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

களுகங்கைப் பாலத்தில் ரயில் போகும்போது ஆறு அகலமாக விரிந்து கிடக்கும், பௌத்த விகாரையின் வெள்ளைத் தாதுகோபமும் தெரியும். அது உள்ளே வெற்றிடமாகக் கட்டப்பட்டது. பெரும்பாலான தாதுகோபங்களை வெளியே நின்றுதான் கும்பிட முடியும். இதற்குள் போய்ச் சுவரோவியங்களைப் பார்க்கலாம். நேரமிருந்தால் போய்வாருங்கள், காலணியைக் கழற்ற வேண்டும். மங்குஸ்தான் காலத்தில், மே முடிவிலிருந்து ஆடி வரை, வீதியோரம் கூடைகூடையாக விற்பார்கள். அம்மாவுக்கு வாங்கிப் போவேன்.

அம்மா முதலில் இதற்குச் சம்மதிக்கவில்லை. கடலோரத் தண்டவாளம் என்றதும் அவவுக்கு 2004 மார்கழிதான் ஞாபகம். அந்த சுனாமியில் பெரலியவில் ரயிலோடு போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இந்த நாட்டில் யார் மறப்பார்கள்? அது இன்னும் தெற்கே, ஹிக்கடுவைப் பக்கம். அதே பாதை சில மாதங்களிலேயே திரும்ப ஓடியது என்பதையும் நான் நினைத்துக்கொள்வேன். 1894 இல் காலி வரைக்கும், அடுத்த ஆண்டு மாத்தறை வரைக்கும் போட்ட பாதை இது. 2019 இல் பெலியத்தை வரை நீண்டது. ஒரு நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தெகிவளை தாண்டியதும் என் கையை விட்டுவிட்டு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டா.

எனக்கு இதில் மிகவும் ஆறுதலான விஷயம் பக்கத்துச் சீட்டுக்காரர்கள். “எங்கே இறங்குறீங்க?” என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. “களுத்துறை” என்றால் போதும். தலையாட்டிவிட்டுத் தங்கள் பாட்டுக்கு இருப்பார்கள். என் சிங்களம் அவ்வளவு திறமில்லை, ஆனாலும் ஒரு அம்மையார் தன் மகள் இத்தாலியில் இருப்பதையும் பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்ப்பதையும் பாணந்துறை வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தா. பிரிந்திருக்கிற குடும்பம் எங்களுக்கு மட்டுமில்லை என்பது தெரிந்த விஷயம்தான். அதை ஒருவர் வாயால் கேட்பது வேறு.

ரியூசன் விஷயத்தில் ஒரு முடிவெடுத்ததும் இந்த ரயிலில்தான். நடுவில் விட்டுவிட்டுப் போக வேண்டி வந்தால் பாவமே என்று, தரம் 10 பிள்ளைகளைப் புதிதாகச் சேர்க்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கேட்டுவந்த பெற்றோரிடம் பிறகு சொல்கிறேன் என்றேன். போக வரக் கிடைத்த நேரத்தில் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். இப்போது பெற்றோரிடம் உள்ளதைச் சொல்லி, வீசா வந்தால் தொடர்ந்து படிப்பிக்க என் சிநேகிதி ஒருவரையும் ஒழுங்குபண்ணி, பிள்ளைகளைச் சேர்த்துவிட்டேன். பின்னேரங்கள் திரும்ப நிறைந்திருக்கின்றன. மெயிலை இரவு பத்து மணிக்கு, கடைசிப் பிள்ளையும் போன பிறகு பார்க்கிறேன். பிறகு போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கிறேன். இவருக்கும் சொல்லிவிட்டேன்: அவசரமென்றால் வீட்டு லைனுக்கு எடுங்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ரயில் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. இரவிரவாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் கடலைப் பார்த்துச் சரிப்பண்ணலாம் என்று இருக்காதீர்கள். டொக்டரிடம் போங்கள். அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். வெளிநாட்டுக் காத்திருப்பு என்றால் சும்மா ஒரு அலுப்பு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அதனால் உடைந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

சரி, போக நினைப்பவர்களுக்கு மிச்ச விபரம். பல கடுகதி வண்டிகள் வெள்ளவத்தையில் நிற்காது. களுத்துறை தெற்கு அல்லது அளுத்கமை போகும் மெதுவான வண்டியா என்று டிக்கெட் யன்னலிலேயே கேளுங்கள். மத்தியான வேளையில் வண்டிகள் இடைவெளி விட்டுத்தான் வரும், திரும்பும் நேரத்தையும் அங்கேயே கேட்டு வையுங்கள். களுத்துறைக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மூன்றாம் வகுப்பே போதும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஓட்டோவில் போகிற காசில் பல தடவை போய்வரலாம். தண்ணிப் போத்தலும் ஒரு தொப்பியும் கொண்டுபோங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது அலைத்தூவானம் யன்னலுக்குள் வரும், வெள்ளை உடுப்பு வேண்டாம். போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்திலும் ஞாயிறிலும் குடும்பம் குடும்பமாகச் சனம் ஏறும், அதைத் தவிருங்கள். செவ்வாய், புதன் நல்ல அமைதி. மூன்று மணிக்கு முன் வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டால் பின்னேரக் கூட்டத்தில் மாட்டாமல் நடந்தே வீடு போய்ச் சேரலாம்.