பகலில் நீதிமன்றம், மாலையில் இலக்கியம்: பகுதிநேர எம்.ஏ. பற்றி என் மதிப்புரை

நவீன பிரிட்டிஷ், ஐரிஷ், பின்காலனிய (காலனி ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளிலிருந்து எழுந்த) இலக்கியத்தில் பகுதிநேர எம்.ஏ. முடித்துவிட்டேன். சிங்கப்பூரிலேயே, வேலையை விடாமல், இரண்டரை ஆண்டு. "சேரலாமா அக்கா?" என்று கேட்டு மூன்று பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். மூவருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம்.

எனக்கு வயது 46. நீதிமன்றத்தில் தமிழ்-ஆங்கில மொழிபெயர்ப்பாளர். இளங்கலைப் பட்டம் வாங்கி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. நான் எழுதுவதை இந்தக் கணக்கோடு படியுங்கள். 23 வயதில் முழுநேரமாகச் சேர்பவருக்கு அனுபவம் வேறாக இருக்கும்.

வாரத்தில் ஒரு மாலை, ஏழிலிருந்து பத்து வரை வகுப்பு. தவணைக்கு 13 வாரம். பதினான்கு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவோம். ஆசிரியர் பத்து நிமிடம் பேசுவார், மிச்ச நேரமெல்லாம் நாங்கள்தான் பேச வேண்டும். வாரத்துக்கு ஒரு நாவல் அல்லது நாடகம், கூடவே இரண்டு கோட்பாட்டுக் கட்டுரைகள். யீஷூனிலிருந்து நகர மண்டபம் வரை ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால் நடைபாதையில் உட்கார்ந்து படித்தேன். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலுக்கு இரண்டே வாரம் ஒதுக்கியிருந்தார்கள். 1904 ஜூன் 16 என்ற ஒரு நாளை 18 அத்தியாயங்களில் விரிக்கும் புத்தகம் அது. இரண்டு வாரம் எந்த மூலைக்கு? வாய்விட்டுப் படித்தால் பிடிபடும் என்று ஒரு வகுப்புத் தோழி சொன்னார். சமையலறையில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன், உண்மைதான்.

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது ஜாய்ஸின் முந்தைய நாவல், 1916இல் வந்த 'எ போர்ட்ரெயிட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்'. அதில் ஸ்டீவன் என்ற ஐரிஷ் மாணவன் ஒரு ஆங்கிலேயப் பாதிரியாரோடு பேசிக்கொண்டிருப்பான். விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் புனலைப் பற்றிய பேச்சு. பாதிரியார் 'ஃபனல்' என்பார், அவன் 'டண்டிஷ்' என்பான். அப்படியொரு சொல்லைக் கேட்டதே இல்லை என்பார் பாதிரியார். இந்த மொழி முதலில் அவருடையது, பிறகுதான் என்னுடையது என்று அவன் உள்ளுக்குள் நோவான். நாவலின் கடைசியில் அகராதியைப் புரட்டிப் பார்த்தால், 'டண்டிஷ்' சுத்தமான பழைய ஆங்கிலச் சொல்!

அன்றைக்கு ஆசிரியர், "உங்கள் டண்டிஷ் எது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் 'கம்பம்' என்றேன். வகுப்பில் சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருவர் இருந்தார். "தூணா அக்கா?" என்றார். நமக்குக் கம்பம் என்றால் ஊர், மலாயிலிருந்து வந்து தமிழாகிப்போன சொல். என் தாத்தா கடைசிவரை சிராங்கூன் சாலைப் பக்கத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொன்னார். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்துப் பெயர். நான் தேக்கா என்கிறேன். என் மகள் லிட்டில் இந்தியா என்கிறாள். இதைச் சொல்லி முடித்தபோது மேசையில் யாரும் பேசவில்லை. ஆசிரியர் மட்டும், "அடுத்த மாதம் ஐரிஷ் நாடகாசிரியர் பிரையன் ஃப்ரீலைப் படிக்கப்போகிறோம், இதை மறந்துவிடாதீர்கள்" என்றார்.

ஃப்ரீலின் 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகம் 1980இல் டெர்ரி நகரில் முதலில் மேடையேறியது. கதை நடப்பது 1833இல். பிரிட்டிஷ் ராணுவத்தார் அயர்லாந்தை அளந்து, ஐரிஷ் ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்கி வரைபடத்தில் எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளத்துக்கு மொழிபெயர்க்கிறான் உள்ளூர்க்காரன் ஓவன். கேப்டன் ஊராரிடம் பேசும் காட்சி ஒன்று உண்டு. பேரரசின் இந்தப் பகுதியில் மூலைமுடுக்கெல்லாம் ராணுவத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் வரைபடம் என்கிறார் கேப்டன். சிப்பாய்களுக்கு இந்த வேலையில் திறமை உண்டு, அதனால் அவர்கள் செய்கிறார்கள் என்று சொல்லி முடிக்கிறான் ஓவன். வரி என்ற பேச்சு வருகிறது. அதையும் மழுப்புகிறான். இது என்ன மொழிபெயர்ப்பு என்று அவன் அண்ணன் கேட்பான்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று உறுதிமொழி எடுத்து வேலை செய்பவள் நான். சாட்சிக் கூண்டில் நிற்கும் பெரியவர் உடைந்து பேசும்போது, அதைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லிவிடலாமே என்று நாக்கு துடித்த நாட்கள் எனக்குத் தெரியும். ஓவனை மன்னிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

கடைசி ஆய்வுக் கட்டுரையை இந்த நில அளவை, ஊர்ப்பெயர் விஷயத்தை வைத்துத்தான் எழுதினேன். தேடத் தேட வந்து நின்றவர் நம் ஊர் கோல்மன் ஸ்திரீட்டுக்குப் பெயர் தந்த கட்டடக் கலைஞர் கோல்மன். 1835இல் ஆர்மீனியத் தேவாலயத்தைக் கட்டியவர், பிறந்தது அயர்லாந்தின் டிராகெடா நகரில். அவர் அளந்த சிங்கப்பூர் நகர வரைபடம் 1836இல் அச்சானது. அதாவது, சொந்த நாட்டைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அளந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஒரு ஐரிஷ்காரர் இங்கே நம் நிலத்தை அளந்திருக்கிறார். அவரிடம் வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைக் கைதிகள். கோல்மன் நிலம் அளக்கும்போது புலி பாய, அளவைக் கருவி சரிய, ஆட்கள் சிதறி ஓடும் அந்தப் பழைய அச்சுப் படத்தைப் பள்ளிப் பருவத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். அதில் ஓடுபவர்கள் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இதற்கு விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11ஆம் மாடி பெரிய துணை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுவேன். கிளிங் ஸ்திரீட் சூலியா ஸ்திரீட்டாக மாறிய கதையை ஒரு முழு நாள் துருவினேன். எதிரே பிராஸ் பசா வளாகத்தில் பழைய புத்தகக் கடைகள் உண்டு, பாடப் புத்தகங்களில் பாதி அங்கேயே கிடைத்தது.

சரி, குறைகள். திருத்திய கட்டுரை கைக்கு வர ஏழு வாரம் ஆனது, கருத்தென்று இரண்டே வரி. அடுத்த கட்டுரையை அதற்குள் எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது. சிங்கப்பூர், மலாயா எழுத்துக்கு 13 வாரத்தில் ஒரே வாரம். இந்த ஊரில் உட்கார்ந்து பின்காலனிய இலக்கியம் படிக்கிறோம், ஒரு வாரம்தானா? எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. தமிழ் மூலங்களை மேற்கோள் காட்டினால், மூலமும் மொழிபெயர்ப்பும் இரண்டுமே சொல் வரம்பில் கணக்காகும். ஆங்கிலத்தில் மட்டும் படித்து எழுதுபவருக்கு இந்தச் செலவு இல்லை. காலனியத்தால் மொழிகள் அடைந்த கதியைச் சொல்லித்தரும் படிப்பில் இப்படியொரு விதி இருக்கக் கூடாது. எழுத்துமூலம் முறையிட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

கோட்பாட்டு வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேற்குலகம் கீழை நாடுகளைப் பார்த்த விதத்தைப் பற்றி எழுதிய எட்வர்ட் சயீத் தெளிவு. ஒடுக்கப்பட்டவர்களால் பேச முடியுமா என்று கேட்கும் காயத்ரி ஸ்பிவாக்கின் 1988 கட்டுரையை மூன்று முறை படித்தேன், மூன்றாவது முறைதான் கதவு திறந்தது. கென்ய எழுத்தாளர் ங்கூகி வா தியாங்கோவை மட்டும் தவற விடாதீர்கள். சிறையில் கழிப்பறைத் தாளில் கிகுயு மொழியில் நாவல் எழுதியவர்.

சம்பள உயர்வுக்காகச் சேர்கிறீர்கள் என்றால் வேண்டாம், எனக்கு ஒரு வெள்ளிகூடக் கூடவில்லை. கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஓரிரு ஆண்டு பொறுங்கள். மற்றபடி, இரண்டு மொழியில் வாழ்ந்துகொண்டு அதைப் பற்றி யாரிடமாவது தீரப் பேச வேண்டும் என்று நினைப்பவர் என்றால் சேருங்கள். விண்ணப்பிக்கும் முன் ஒரு மாலை வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள், எனக்குக் கொடுத்தார்கள்.

என் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சேருகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரீல் நாடகத்தை மட்டும் கேட்காதீர்கள், அதன் ஓரமெல்லாம் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.