1,500 டாலர் போச்சு: ‘டொமைன் மீட்பு’ ஆட்களிடம் ஏமாறாதீர்கள்

ஆறப்போட்டால் எழுத மாட்டேன், அதனால் சூட்டோடு எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தின் டாட் காம் இணைய முகவரியை, அதாவது டொமைனை, புதுப்பிக்க மறந்தது என் தப்புதான். யாரோ ஒருவர் அதைப் பிடித்து, எங்கள் லோகோவையே போட்டு எங்கள் வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் வாங்க ஆரம்பித்துவிட்டார். பதறிப்போய்த் தேடியபோது கிடைத்தது ஒரு ஆன்லைன் ‘டொமைன் மீட்பு’ சேவை.

போனில் வந்தவர் எடுத்த எடுப்பில், “டிரேட்மார்க் பதிவு இருக்கா சார்?” என்றார். இருக்கிறது என்றேன். அப்புறம் டொமைன் தகராறுகளுக்கான யூ.டி.ஆர்.பி. விதியில் நாம் நிரூபிக்க வேண்டிய மூன்றையும் கடகடவென்று ஒப்பித்தார்: டொமைன் நம் மார்க்கோடு குழம்பும்படி இருக்க வேண்டும்; வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக் கூடாது; கெட்ட எண்ணத்தோடு பதிவுசெய்து பயன்படுத்தியிருக்க வேண்டும். அத்தனையும் சரி. அங்கேதான் விழுந்தேன். இந்த வழக்குகளை நடத்தும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒற்றை நடுவர் என்றால் கட்டணம் 1,500 டாலர் என்றார். அதுவும் உண்மை. “எங்ககிட்டயே கட்டிடுங்க, எங்க ஃபீஸ் ஜெயிச்ச பிறகு. நஷ்டஈடும் வாங்கிடலாம்.” கட்டினேன்.

முத்திரை போட்ட பிடிஎஃப் ஒன்று வந்தது, வழக்கு எண்ணோடு. பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. எதிர்தரப்புக்கு 20 நாள் அவகாசம் சார். நடுவர் நியமனம் நடக்கிறது சார். விசாரணை ரகசியம், வெளியே சொல்லக் கூடாது சார். ஒருநாள் சாட்டில் பதிலே இல்லை, ‘உங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும்.

நேற்று வைப்போ தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாத இரண்டு கம்பெனிகளின் பழைய வழக்கு! தீர்ப்பும் எப்போதோ வந்துவிட்டது. உண்மையில் வழக்குப் போட்டிருந்தால், டொமைனைப் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ரார் நிறுவனம் அதைப் பூட்டியிருக்கும், கைமாற்ற முடியாது. என்னுடையதோ இதற்குள் கைமாறிவிட்டது. 1,500 டாலரைத் திருப்பிக் கேட்டால், “ஆவணத் தயாரிப்புச் செலவு” என்கிறார்கள். எந்த ஆவணம்? அந்தப் பிடிஎஃப்பா?

சரி, சொன்னேனே. கட்டணத்தை வைப்போவுக்கு நேரடியாகக் கட்டுங்கள். வழக்கு எண் வந்த அன்றைக்கே நீங்களே தேடிப் பாருங்கள். நஷ்டஈடு என்று எவராவது சொன்னால் போனை வையுங்கள், யூ.டி.ஆர்.பி.யில் டொமைனை மாற்றித் தருவார்கள், இல்லையென்றால் ரத்து செய்வார்கள், ஒரு காசு கிடைக்காது. இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை.

இன்னொரு 1,500 டாலர் புரட்டி, மனுவை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தளத்தில் இன்று காலையும் எங்கள் பெயரில் ஆர்டர் எடுத்திருக்கிறார்கள்.